ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை: திருப்பூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. மூன்று வருஷமாக உடம்பு முழுக்க வலி. கழுத்து, இரண்டு தோள்பட்டை, மேல்கை, மேல்முதுகு, இடுப்பு, பின்பக்கம் இரண்டு பக்கமும், கெண்டைக்கால் என்று ஒரு இடம் பாக்கியில்லை. ஒரு காய்ச்சலுக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. எட்டு மணி நேரம் படுத்தாலும் அடித்துப் போட்ட மாதிரிதான் எழுகிறேன், எண்ணி வைத்த பீஸ் கணக்கு அடுத்த நிமிஷம் மறந்துபோகிறது, தலைவலி வேறு. ஏழு டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஏ.எஸ்.ஓ அதிகம் என்று ஒருவர் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டார், யூரிக் ஆசிட் 6.4 என்று ஒருவர் பருப்பையும் கறியையும் நிறுத்தச் சொன்னார், எம்.ஆர்.ஐ எடுத்துவிட்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள், ஏ.என்.ஏ 1:80 என்று வந்தது. வைட்டமின் டி 9, நாலு பாக்கெட் சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் 9.8. போன மாசம் எடுத்ததில் இ.எஸ்.ஆர் 28, சி.ஆர்.பி நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர், எல்லாம் நார்மல், மனசை ரிலாக்ஸாக வையுங்கள் என்று அனுப்பிவிட்டார். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று வீட்டில் பேச்சு. தெரிந்தவர் ஒருவர் தந்த மூலிகைப் பொடியை நாலு மாசமாகத் தினமும் சாப்பிடுகிறேன், அதைச் சாப்பிட்டால்தான் எழுந்து நடக்கவே முடிகிறது. எனக்கு என்ன நோய் என்று ஒரு பேரையாவது சொல்லுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வலிக்காக. இரண்டாம் தடவை, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்தப் பொடி, அதற்காக. அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்கும் பெயருக்குக் குறுக்கே நிற்பதே அதுதான்.

வாதநோய்ப் பிரிவில் வேலை செய்யும் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார், பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் வலிப் பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டோ, டைக்ளோஃபினாக் மாதிரி வலி மருந்தோ கலந்திருப்பது எங்களுக்குப் புதிதே இல்லை. நீங்கள் சாப்பிடுவதில் கலந்திருக்கிறது என்று நான் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆனால் சாப்பிட்டால்தான் நடக்கவே முடிகிறது என்கிற அளவுக்கு ஒரு பொடி பிடித்துக்கொண்டால் அந்தச் சந்தேகம் எனக்குக் கட்டாயம் வரும். தயவுசெய்து இதைப் படித்த வேகத்தில் அதைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். நாலு மாசம் தினமும் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், நம் உடம்பு தானாகச் சுரக்கிற கார்ட்டிசாலைக் குறைத்துவிட்டு இதையே நம்பி நிற்கும், சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். முகம் உப்பியிருக்கிறதா, வயிற்றில் சதை போட்டிருக்கிறதா, சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருக்கிறதா என்று அவர் பார்ப்பார், தேவைப்பட்டால் அளவாக மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குவார். இதை இந்த வாரமே செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, இது ஏன் பெயருக்குக் குறுக்கே நிற்கிறது என்கிறேன்? அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற சி.ஆர்.பி உங்களுக்கு நார்மல் என்று வந்தது போன மாசம், அதாவது பொடி உள்ளே போய்க்கொண்டிருந்தபோது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் மூட்டில் அழற்சி இருந்தாலும் அது அமுங்கிப்போய் ரிப்போர்ட் நல்லபிள்ளை மாதிரி வரும். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் நார்மல் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. இன்னொன்று, உங்கள் வலிக்கு நான் முதலில் நினைக்கிற பெயர் ஃபைப்ரோமயால்ஜியா, அது ஸ்டீராய்டுக்கு மசிகிற வலி கிடையாது. ஸ்டீராய்டில் வலி நிஜமாகவே வடிந்தது என்றால் ருமட்டாய்டு மாதிரி அழற்சி நோய் ஒன்று பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா என்று நான் தேடுவேன். ஆக, பொடியில் என்ன இருக்கிறது என்பதே நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு துப்பு. அதை டாக்டரிடம் மறைத்தீர்கள் என்றால் எட்டாவது டாக்டரும் தப்பாகத்தான் போவார். திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள்.

இப்போது நான் ஏன் ஃபைப்ரோமயால்ஜியாவை நினைக்கிறேன் என்று சொல்கிறேன். உடம்பு பூராவும் பரவின வலி, தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லாதது, சோர்வு, மறதி, இவையெல்லாம் சேர்ந்து மூன்று மாசத்துக்கு மேல் இருந்தால் வைக்கிற பெயர் அது. இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அதனால்தான் பலர் இதை "ஒன்றும் கிடைக்காதபோது ஒட்டுகிற லேபிள்" என்று நினைக்கிறார்கள், டாக்டர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. இதற்கு எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. 1990ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் கல்லூரி உடம்பில் 18 புள்ளிகளைக் குறித்து, அழுத்தினால் 11ல் வலிக்க வேண்டும் என்று வைத்தது. 2010ல் புள்ளிகளை விட்டுவிட்டு நோயாளி சொல்வதையே எண்ணும் முறைக்கு மாறினார்கள், 2016ல் அதையும் கொஞ்சம் திருத்தினார்கள். உடம்பை 19 இடமாகப் பிரித்து, போன ஏழு நாளில் எத்தனை இடத்தில் வலி என்று எண்ண வேண்டும். அப்புறம் சோர்வு, புத்துணர்ச்சி தராத தூக்கம், மறதி மூன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஆக மொத்தம் 12.

உங்கள் கடிதத்தை வைத்தே எண்ணிப் பார்த்தேன். கழுத்து 1, தோள்பட்டை 2, மேல்கை 2, மேல்முதுகு 1, இடுப்பு அதாவது கீழ்முதுகு 1, பின்பக்கம் 2, கெண்டைக்கால் 2, ஆக 11 இடம். நீங்கள் எழுதியதை வைத்துச் சோர்வுக்கு 3, தூக்கத்துக்கு 3, மறதிக்கு 2, தலைவலிக்கு 1 போட்டால் 9. வலி 7 இடத்திலோ அதற்கு மேலோ, மற்றது 5ஓ அதற்கு மேலோ இருந்து, இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால், நடு உடம்பு என்கிற ஐந்து பகுதியில் நாலிலாவது வலி பரவியிருந்தால் பொருந்துகிறது என்று அர்த்தம். உங்களுக்குத் தாராளமாகப் பொருந்துகிறது. ஏழு டாக்டரில் ஒருவர் கால் மணி நேரம் உட்கார்ந்து எண்ணியிருந்தால் இந்தப் பேச்சு மூன்று வருஷத்துக்கு முன்பே வந்திருக்கும், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனால் கடிதத்தை வைத்து முத்திரை குத்த மாட்டேன். கணக்கு பொருந்துவதாலேயே வேறு நோய் இல்லை என்று ஆகிவிடாது, 2016 திருத்தமே இது இன்னொரு நோயோடு சேர்ந்தும் இருக்கலாம் என்று சொல்கிறது. உங்கள் ஃபைலில் யாரும் முடிக்காமல் விட்டது இரண்டு இருக்கிறது.

ஒன்று வைட்டமின் டி. 9 என்பது நிஜமாகவே ரொம்பக் குறைவு. நாள் முழுக்க கூரைக்குக் கீழே டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்கிற வேலை உங்களுக்கு, ஆச்சரியமில்லை. இவ்வளவு குறைந்து ரொம்ப நாள் கிடந்தால் எலும்பில் சுண்ணாம்பு சரியாக ஏறாமல் மெத்தென்று ஆகிவிடும், ஆஸ்டியோமலேசியா என்போம், அதுவும் உடம்பு முழுக்கத்தான் வலிக்கும். எங்கள் பிரிவிலேயே ஒரு அம்மாவுக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம், ஒரு நாள் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து வாத்து மாதிரி இரண்டு பக்கமும் அசைந்து நடந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான் உறைத்தது. இப்படி எலும்பு பாதித்தால் ரத்தத்தில் ஏறுகிற ஆல்கலைன் பாஸ்படேஸ் பார்த்தால் எகிறியிருந்தது. வைட்டமினும் கால்சியமும் ஒழுங்காகக் கொடுத்து சில மாசத்தில் அவர் தானாக மாடிப்படி ஏறினார். அவர் நடப்பதை முதல் நாளே நாங்கள் பார்த்திருக்க வேண்டும். அதிலிருந்து யாரையும் நடக்கவிட்டுப் பார்க்காமல் நான் பெயர் எழுதுவதில்லை.

நீங்களே வீட்டில் இதைப் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? மேல் அலமாரியில் டப்பாவை எடுக்கும்போது வலியால் கை நிற்கிறதா, பலமே இல்லாமல் கை கீழே வருகிறதா? முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் சதையைவிட எலும்பு வலிக்கிறதா? வலியும் பலவீனமும் வேறு வேறு. பலம் குறைந்திருந்தால் தேட வேண்டிய திசையே மாறும், சி.கே என்று தசைக்கான ஒரு பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தசை வலி வருவதுண்டு, நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, இருந்தால் சொல்லுங்கள். அந்த 60,000 யூனிட் பாக்கெட்டை வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்று எட்டு வாரம் கொடுப்போம், நாலோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். அதற்காகத் தினம் ஒன்று என்று சாப்பிட்டுவிடாதீர்கள், கால்சியம் ஏறிப் போய்க் கிட்னியைக் கெடுக்கும். சாப்பாட்டோடு, வாரம் ஒன்று, டாக்டர் சொல்கிற வரை.

இரண்டாவது ஹீமோகுளோபின். ஏழு பேர் பார்த்த ஃபைலில் 9.8 என்று எழுதியிருக்கிறது, உங்கள் வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும், இதற்கு என்ன செய்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அசதியில், படியேறினால் இரைப்பதில், மறதியில் ஒரு பங்கு இதிலிருந்தே வரலாம். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று யாராவது கேட்டார்களா? அதைக் கேட்டு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், அதை டீ காபியோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஒட்டாது. இ.எஸ்.ஆரும் அழற்சியைக் காட்டுகிற எண்தான், ஆனால் ரத்தம் குறைந்திருந்தாலே அது கொஞ்சம் ஏறும், அதனால் உங்கள் 28 என்னைப் பயமுறுத்தவில்லை.

உங்களைப் பயமுறுத்தின மற்ற எண்களுக்கு வருகிறேன், இவற்றை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கோபம்.

ஏ.எஸ்.ஓ என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற தொண்டைக் கிருமி எப்போதோ வந்து போனதன் தடம், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போடும் பென்சிலின் ஊசி, ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு, முக்கியமாக அதில் இதய வால்வு பாதித்தவர்களுக்கு. அவர்களுக்கு அது உயிர் காக்கும் ஊசி, அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. 38 வயதில் தோளும் முதுகும் வலிக்கிறது என்று வந்த உங்களுக்கு, இதயத்தில் கோளாறு இல்லையென்றால், ஏ.எஸ்.ஓ எண்ணை மட்டும் பார்த்து அதைப் போட வேண்டியதில்லை. "எனக்கு ருமாட்டிக் இதய நோய் இருக்கிறதா, எக்கோவில் தெரிகிறதா" என்று நேராகக் கேளுங்கள்.

யூரிக் ஆசிட் 6.4க்கு நீங்கள் பருப்பை விட்டது வீண். கவுட் என்பது பெரும்பாலும் கால் பெருவிரல் மாதிரி ஒரு மூட்டு ராத்திரியோடு ராத்திரியாக வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே அலறவைக்கிற நோய், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அது வருவதே அபூர்வம். உடம்பு முழுக்க வலிப்பதற்கு அது காரணமாகாது. இவ்வளவு ரத்தக் குறைவை வைத்துக்கொண்டு பருப்பும் கறியும் இல்லாமல் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறீர்கள், திரும்பச் சாப்பிடுங்கள்.

ஏ.என்.ஏ என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குகிறதா என்று துப்புத் தேடுகிற பரிசோதனை. அதில் 1:80, நோய் எதுவும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு வரும் என்று 1997ல் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து எழுதியிருக்கின்றன. வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, குளிரில் விரல் வெளுத்து நீலமாவது, மூட்டு வீக்கம், இவை ஏதாவது இருந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர். டிஸ்க் பிதுக்கமும் அப்படியே. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த 2015 கட்டுரையில் நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. இடுப்பில் ஒரு டிஸ்க் பிதுங்கினால் தோள்பட்டையும் மேல்கையும் வலிக்க வழியில்லை என்பதை உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

முழு உடம்பு பேக்கேஜ் டெஸ்ட் இனி எடுக்காதீர்கள். அறுபது, எழுபது எண்களைப் பார்த்தால் ஒன்றிரண்டு கோட்டுக்கு வெளியே வரத்தான் செய்யும், ஒவ்வொன்றும் உங்களை ஒரு புது டாக்டரிடம் அனுப்பும். உங்களுக்கு இப்போது வேண்டியது கையளவுதான்: ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி (பொடிக் கதை முடிந்த பிறகு), தைராய்டுக்கு டி.எஸ்.எச், கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, கிட்னிக்குக் கிரியாட்டினின், கல்லீரல், சர்க்கரை. கை மூட்டில் வீக்கம் தெரிந்தால் மட்டும் ருமட்டாய்டு ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பியும். தைராய்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அது குறைவாகச் சுரந்தாலும் இதே மாதிரி உடம்பெல்லாம் வலித்து அசத்தும், அதனால் பழைய ஃபைலில் தேடிப் பாருங்கள்.

அந்தக் காய்ச்சல். மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு வந்த காய்ச்சலா? 2006ல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா அடித்தபோது, காய்ச்சல் போய் வருஷக்கணக்கில் வலியோடு வந்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்தோம். அதில் சிலருக்கு நிஜமான மூட்டழற்சி நின்றது, சிலருக்கு மூட்டு சரியாகி ஃபைப்ரோமயால்ஜியா மாதிரி வலி மட்டும் தங்கியது. அதனால் அந்தக் காய்ச்சல் எந்த மாசம் வந்தது, அப்போது மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கினதா, வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்பதை ஞாபகப்படுத்தி எழுதி வையுங்கள்.

எழுதி வைப்பது என்றேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் மொழியில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், தெறிப்பு, மதமதப்பு, இழுப்பு. டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் இவ்வளவையும் விட்டுவிட்டு "பாடி பெயின் சார்" என்கிறோம். எரிச்சலும் மதமதப்பும் என்றால் நான் நரம்பை நினைப்பேன், பி12ஐயும் சர்க்கரையையும் பார்ப்பேன். காலையில் மோதிரம் இறுகிக்கொண்டு, விரலை மடக்கிக் கோலப்பொடி எடுக்க முடியாமல், ஒரு மணி நேரம் கழித்து வேலை செய்யச் செய்யத் தளர்கிறது என்றால் மூட்டழற்சியை நினைப்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பு விறைத்து எழுப்பி, நடந்தால் விடுகிறது என்றால் முதுகுத்தண்டு அழற்சி. கைபட்டாலே நோகிறது, குழந்தை கட்டிப்பிடித்தால் வலிக்கிறது, சத்தமும் வெளிச்சமும்கூடத் தாங்கவில்லை, நேற்று தோள் இன்று தொடை என்று இடம் மாறுகிறது என்றால் ஃபைப்ரோமயால்ஜியா. ஒரே ஒரு தாளில், ஒரு பொம்மை உடம்பு வரைந்து வலிக்கிற இடத்தைக் கறுப்பாக்கி, அதன் பக்கத்தில் உங்கள் சொல்லையே எழுதுங்கள். கீழே இரண்டு வரி: எப்போது ஆரம்பித்தது, இதுவரை என்னென்ன மருந்து, பொடி உட்பட. முந்நூறு பக்க ஃபைலை மேஜையில் வைத்தால் டாக்டர் அதைப் புரட்டுவார், உங்களைப் பார்க்க நேரமிருக்காது.

யாரிடம் போவது? எலும்பு டாக்டரிடம் போகாமல் வாதநோய் மருத்துவரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம் போங்கள். பனியன் கம்பெனியில் உங்களுக்கு இ.எஸ்.ஐ பிடிக்கிறார்கள் என்றால் (மாசச் சம்பளம் 21,000 வரை கட்டாயம் பிடிக்க வேண்டும்) இ.எஸ்.ஐ மருந்தகத்தில் ஆரம்பித்து மேலே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. டாக்டர் சான்றிதழோடு லீவ் எடுத்தால், போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள், மேலே கூறிய பரிசோதனைகளை அங்கேயே செய்துவிட முடியும். அதற்கும் மேல் சிக்கலானால் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், வேலூர் சி.எம்.சியிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. யாரிடம் போனாலும் ஆறு மாசம் அவரிடமே இருங்கள். ஏழு பேரிடம் ஒவ்வொரு தடவை போவதைவிட ஒருவரிடம் ஏழு தடவை போவது உங்களுக்கு உதவும், ஏனென்றால் இந்த நோயில் நாள் போகப் போகத் தெரிவதுதான் அதிகம்.

உள்ளே போனதும் "எனக்கு என்ன வியாதி" என்று மட்டும் கேட்காதீர்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அது இல்லையென்றால் வேறு எதுவாக இருக்கலாம், எது நடந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். கேட்கச் சங்கடமாக இருந்தால் இந்த மூன்றையும் அந்தத் தாளின் கீழேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மனசை ரிலாக்ஸாக வை என்று சொன்னார்களே, அதற்கும் வருகிறேன். வலி என்பது உடம்பில் உண்டாகி மூளையில் தெரிவது, அந்த இரண்டுக்கும் நடுவில் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஏற்பாடு இருக்கிறது, ரேடியோவில் சத்தம் வைக்கிற திருகு மாதிரி. ஃபைப்ரோமயால்ஜியாவில் அந்தத் திருகு கூட்டிய இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது. 2002ல் அமெரிக்காவில் 16 நோயாளிகளையும் நோயில்லாத 16 பேரையும் ஸ்கேனில் படுக்கவைத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு லேசாக அழுத்தியபோதே மூளையில் வலிக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன, மற்றவர்களுக்கு அந்த அளவு வலி வர அதைவிட நிறைய அழுத்த வேண்டியிருந்தது. இதை நடிக்க முடியாது. வீட்டில் பேசுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள், இன்னும் நல்லது அடுத்த தடவை உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் கேட்கவையுங்கள். அதே சமயம், மூன்று வருஷம் யாரும் நம்பாமல் வலியோடு இருந்தால் மனசும் சோர்ந்துதான் போகும். அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அதற்கும் தனியாக வைத்தியம் வேண்டும், அதைச் சொல்வதால் உங்கள் வலி பொய்யாகிவிடாது.

பெயர் உறுதியானால் அப்புறம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா வழிகாட்டுதல்களிலும் முதலில் நிற்பது உடற்பயிற்சி. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் நிற்பது பயிற்சியில் சேராது. பத்து நிமிஷ நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டினால் போதும். முதல் இரண்டு மூன்று வாரம் வலி கூடும், அதில் பயந்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். வலி குறைந்த நாளில் மொத்த வீட்டையும் கழுவி, போர்வையெல்லாம் துவைத்து, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடக்கும் பழக்கம் இருந்தால் அதை உடையுங்கள், நல்ல நாளிலும் அளவாகவே செய்யுங்கள். ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மாதிரி குறைந்த அளவில் ஒரு மாத்திரை தரலாம், அல்லது டுலாக்ஸெட்டின், ப்ரீகாபாலின். மருந்துக்கடையில் "இது மன வியாதி மாத்திரையாச்சே" என்றால் கலங்காதீர்கள், இவை முதுகுத்தண்டில் வலியைக் குறைக்கிற நரம்புப் பாதையிலும் வேலை செய்கின்றன. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குத் தூக்கமும் தலைசுற்றலும்தான் மிஞ்சும், அப்போது மாற்ற வேண்டும். தினமும் டைக்ளோஃபினாக் இதற்கு உதவாது, வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். வலி பூஜ்யமாகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தூக்கம் திரும்பி, வலி பாதியாகி, வேலையும் வீடும் கைக்குள் வந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, ஒரே இடத்தில் ராத்திரி தூங்கவிடாத எலும்பு வலி, கை கால் பலம் குறைவது, உட்காருமிடம் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்குவது, இதில் எது வந்தாலும் பழைய பெயரை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே காட்ட வேண்டும், உட்காருமிடம் மரத்துப்போவதோ சிறுநீர் கட்டுப்படாததோ என்றால் அன்றைக்கே.

பொட்டலம், பொம்மை வரைந்த தாள், 9.8 என்று எழுதிய அந்த ரிப்போர்ட், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆல்கலைன் பாஸ்படேஸும் டி.எஸ்.எச்சும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், கையை ஊன்றாமல் எழ முடிந்ததா என்பதையும் சேர்த்து.